கரைக்கு வெளியே உன் வயல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். உடம்பளவில் என்று ஏன் போட்டேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும், அதற்குள் பதறிப்போய் போனை எடுத்துவிடாதே, முழுதாகப் படித்துவிட்டு எடு. வாரம் தவறாமல் பேசுகிறோமே, பிறகு இந்தக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் முறைக்கிறார். அதனால்தான் சில மாதம் முன்னால் நீ கேட்டபோது, தண்ணீர் வந்தது, வடிந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒப்பித்தேன், நீயும் நம்பிவிட்டாய். "பனியில அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டறவகிட்ட அழுது வைக்காதே" என்பது அவர் கட்டளை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இனி மறைத்துப் பயன் இல்லை, உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டாத நாளில் உட்கார்ந்து படி.

தண்ணீர் வந்தது உண்மை, வடிந்தது என்பதில் பாதி பொய். பெரிய கரை உடைந்துதான் வந்தது. உடைந்த இடம் உன் பங்கு. இதை வேறு யார் வாயிலிருந்தாவது நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல். உன்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, நீ அங்கே தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்த வேண்டாம். நீ ஊரைவிட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டதால் முறையாகவே சொல்கிறேன். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஓடுகிற பெரிய கரையில் யார் வயலின் தலைமாடு தொடுகிறதோ அந்த நீளம் அந்த வீட்டின் பொறுப்பு, வெயில் காலத்தில் அவரவர் பங்குக்கு அவரவர் மண் வெட்டிப் போட்டு உயர்த்திக்கொள்வதுதான் இங்கே நடப்பு. அடுத்தவன் பங்கில் ஒரு கூடை மண் போட்டாலும் அவன் நிலத்தின்மேல் கண் வைத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பும். வெளி வயலை உன் பெயருக்கு உன் அப்பா எழுதிவைத்த பிறகு அந்தக் கரையும் உன்னுடையதாகிவிட்டது. அவர்தான் வருஷா வருஷம் உனக்காக மண் போட்டுவந்தார். போன வெயிலில் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். உன் தம்பியைப் போடச் சொன்னேன், "அக்கா பங்குல நான் கை வச்சா, நிலத்தை அமுக்கப் பாக்கறான்னு ஊரு பேசும்மா, மாமா காதுக்குப் போனா நல்லாவா இருக்கும்?" என்றான். அப்படியானால் அக்காவிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்றேன், கேட்டால் கூலி கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம், வெட்கப்பட்டான். நீயாக இருந்தால் போடுடா தடியா என்று சொல்லியிருப்பாய். பக்கத்து வயல் நெட்டை இருக்கிறானே, அவன் தன் பங்கை மார்பளவு உயர்த்தினான், உன் எல்லைக் கல் வந்ததும் கத்தி வைத்து அறுத்த மாதிரி நிறுத்திக்கொண்டான். அவன்மேலும் தப்பு சொல்ல முடியாது, அவன் மரியாதைக்காரன், உன் நிலத்துக்கு மரியாதை கொடுத்தான். அந்தப் பக்கமும் உயரம், இந்தப் பக்கமும் உயரம், நடுவில் உன் பங்கு மட்டும் முந்தின வருஷத்து மட்டத்தில் கிடந்தது. தண்ணீருக்கு வழி காட்டவா வேண்டும்.

புயல்கூட நம் பக்கம் வரவில்லை, எங்கேயோ தூரத்தில் போனது. பௌர்ணமி, கடல் ஏற்றம், காற்று கரையைப் பார்த்து அடித்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்த ஏற்றத்துக்குத் தண்ணீர் கரையின் இடுப்பு வரை வந்து திரும்பும், இப்போது சும்மா ஒரு பௌர்ணமிக்கே கழுத்து வரை வருகிறது. பட்டப்பகல், சோற்றில் கை வைத்திருந்தோம், மதகுக்காரர் தெருவில் கத்திக்கொண்டே ஓடினார். உன் தம்பி கை கழுவாமல் ஓடினான். போய்ச் சேர்வதற்குள் வண்டி நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது. மண் மூட்டை, கட்டில் சட்டம், மாட்டுக் கொட்டகையின் தகரம், கையில் அகப்பட்டதை எல்லாம் கொண்டுபோய் அடைத்தார்கள், நெட்டையும் உன் தம்பியும் கழுத்தளவு தண்ணீரில் தோளோடு தோள் நின்றார்கள். யார் பங்கு என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் போன வெயிலிலேயே விட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை, நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நெல் பால் பிடிக்கிற நேரம் அது. உப்புத் தண்ணீர் ஏறி நின்ற வயலைப் பார்த்தால் முதலில் ஒன்றுமே ஆகாத மாதிரிதான் இருந்தது, பச்சையாகவே நின்றது, எனக்குக்கூட ஒரு நப்பாசை வந்தது. பிறகு நுனி வெளுத்தது, ஒரு வாரத்தில் ஊர் முழுக்க வைக்கோல் நிறம். கதிரை உருவினால் உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் உமி. தண்ணீர் வடிந்த பிறகு வரப்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டியிருக்கிறது, தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து எல்லோரும் காறித் துப்புகிறார்கள், துப்பிவிட்டு மறுநாளும் போய் வைத்துப் பார்க்கிறார்கள். மழை நன்றாகப் பெய்து கழுவினால் உள்வயல்கள் இரண்டு மூன்று போகத்தில் திரும்பும் என்கிறார்கள். கிணறு திரும்புமா என்று யாருக்கும் தெரியவில்லை. மாடு வாளியில் மூக்கை வைத்துவிட்டுத் திருப்பிக்கொள்கிறது, குளித்தால் தலைமுடி தேங்காய் நார்தான். அதற்கெல்லாம் நான் அழவில்லை. உன் தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று போனில் சந்தோஷமாகச் சொன்னேன் அல்லவா, கால் இரண்டும் வீங்கியிருப்பதைச் சொல்லவில்லை. டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "அந்தக் கிணத்துத் தண்ணியை ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, சோறு பொங்கவும் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு மட்டும் மேட்டுத் தெருக் குழாயிலிருந்து உன் தம்பி சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவருகிறான். அவள் அதையும் எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி நீட்டுகிறாள், வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். வாய் நீளம் என்று அவளைப்பற்றி உன்னிடம் முன்னால் சொன்னதையெல்லாம் நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதே.

எல்லோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம் என்று நினைக்காதே. உன் தம்பி போன போகமே பரீட்சைக்காக ஒரு மூலையில் உப்புத் தாங்கும் நெல் போட்டிருந்தான், கேலி செய்தோம். ஊரில் பச்சையாக ஏதாவது மிஞ்சியது என்றால் அந்த மூலைதான், அதுவும் பாதிதான் தேறியது. அதைத் தூற்றி எடுத்து வீடு வீடாகப் படியால் அளந்து விதைக்குக் கொடுத்தான். பொங்கிப் பார்த்தோம், தடித்த அரிசி, உன் அப்பா ஒரு வாய் மென்றுவிட்டு, "பல்லு இருக்கறவங்க சாப்பிடட்டும்" என்று தட்டை நகர்த்திவிட்டார். வயலின் மூலையில் அவரவர் குட்டை வெட்டுகிறார்கள், மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து உப்பைக் கழுவ. நான் கத்தரியும் கீரையும் சாக்கில் மண் நிரப்பிப் பலகைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன், அடுத்த தடவை தண்ணீர் வந்தால் கத்தரிச் செடி நம்மைக் குனிந்து பார்க்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரைக்கு வெளியே சேற்றில் கண்டல் செடி நட்டார்கள், பாதியை அலை பிடுங்கியது, மிச்சத்தில் ஒரு வரிசை வேர் பிடித்து நிற்கிறது. அது மரமாகிக் கடலை அடக்கும் என்கிறார்கள், அடக்கட்டும், அதுவரை நாம் நிற்க வேண்டுமே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கரையை அளக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், சேற்றில் இறங்கிச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நாள் முழுக்க அளந்தாள். நெல் கிடங்கில் ஊரைக் கூட்டிவைத்துச் சொன்னாள், "கரைக்கு முன்னால இருந்த தரையையே கடல் தின்னுடுச்சு. அதே இடத்துல எவ்வளவு மண்ணு கொட்டினாலும் அடியில நழுவிடும். உள்ள தள்ளிப் புதுசாப் போட்டாத்தான் மத்த வயலும் வீடுங்களும் மிஞ்சும்." உன் அப்பா எழுந்து, கடலுக்கு இவ்வளவு கொடுத்தால் போதும், இதற்குமேல் வராது என்று எழுதித் தருவாயா என்று கேட்டார். அவள் அளவு நோட்டை மூடிவைத்தாள். பிறகு, "முடியாதுங்கய்யா. கொஞ்ச வருஷம் கிடைக்கும், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றாள். பொய் சொல்லாமல் போனாளே என்று எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. கரை உள்ளே தள்ளினால் மூன்று வயல் வெளியே போகிறது. உன்னுடையது, நெட்டையினுடையது, இன்னொன்று யாரோ எப்போதோ கைவிட்டுப் போன தரிசு. புதுக்கரைக்கு மண்ணும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும், உள்வயலில் வெட்டினால் பள்ளமாகி உப்புத் தேங்கிவிடும், எப்படியும் கடலுக்குப் போகிற களிமண்ணைக் கரைக்காவது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்டைதான் எழுந்தான். "பங்கு பங்குன்னு வச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு. புதுக் கரைக்குப் பங்கு வேணாம், எல்லாரும் எல்லா இடத்துலயும் மண்ணு போடுவோம். என் வயலை முதல்ல வெட்டுங்க" என்றான். சொன்ன மாதிரியே முதல் வெட்டை அவனே வெட்டினான், வெட்டி முடித்ததும் மண்வெட்டியை எறிந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். இப்போது பாதி நாள் டவுனில் கட்டட வேலைக்குப் போகிறான், மீதி நாள் வந்து கரையில் மண் மிதிக்கிறான்.

உன் அப்பா கூட்டம் முடிவதற்குள் வெளியே போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்த வீங்கின காலை இழுத்துக்கொண்டு உன் வயலுக்குப் போகிறார். வரப்பு வைக்கிறார், கடல் ஏறும்போது அது கரைகிறது, இறங்கியதும் மறுபடி வைக்கிறார். ஒருநாள் விதைநெல்லை ஊறப்போடப் போனார், நான் பிடுங்கி மருமகள் அறையில் ஒளித்துவைத்தேன். யார் போய்ப் பேசினாலும் ஒரே பதில், "நிலம் அவளோடது. அஞ்சு வருஷத்துல வந்துடறேன்பான்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வர்றப்ப நிலம் இல்லேன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிப்பேன்?" அந்த ஐந்து வருஷம் முடிந்து எவ்வளவோ ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மதகுக்காரர் நல்ல மனிதர், "நிலத்துக்காரி வாயால சொல்லணும், இவரு வயலைவிட்டு ஏறணும், அதுவரைக்கும் எவனும் அங்க மண்வெட்டி வைக்கக் கூடாது" என்று ஊரைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார். இதன் பலன் என்ன தெரியுமா? புதுக்கரை உன் வயலின் உள்மூலை வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கரை உன் வரப்போடு நிற்கிறது, இந்தப் பக்கத்திலிருந்து வந்ததும் நிற்கிறது. நடுவில் மறுபடியும் உன் பங்கு ஓட்டையாகக் கிடக்கிறது. பட்டும் எங்களுக்குப் புத்தி வரவில்லை என்று சொல்வாய், சொல். ஓர் அடுக்கு மண்ணைப் போட்டு மிதித்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த அடுக்கு, மழையில் போட்ட கரை நிற்காது. சாயங்காலமானால் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது. இந்த ஓட்டையோடு மழைக்காலத்துப் பெரிய ஏற்றம் வந்தால், கழுவிக் கழுவி மீட்டுக்கொண்டிருக்கிற உள்வயல்கள் போகும், குட்டைகள் போகும், மேட்டுத் தெருக் குழாயும் உப்பாகும். உன் தம்பி பிள்ளை பிறக்கிற சமயமும் அதுதான். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, கடைக்குப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு வழி விடுகிறார்கள், அது வைவதைவிட மோசமாக இருக்கிறது.

நிலத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீ சொல்வாய், அது எனக்குத் தெரியும், அதைக் கேட்க இத்தனை பக்கம் எழுத வேண்டியதில்லை. நீ அப்படிச் சொன்னால் அவர் இன்னும் இறுகிப்போவார். "பாவம், நமக்காக விட்டுக் குடுக்கறா" என்று மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அவருக்கு வேண்டியது சம்மதம் இல்லை பெண்ணே. நீ திரும்பி வரப்போவதில்லை என்று அவரிடம் சொல். உன் வாயால், சுற்றி வளைக்காமல், அப்புறம் பார்க்கலாம்பா என்று இழுக்காமல் சொல். நீ அங்கே வீடு வாங்கியிருப்பதைச் சொல். அதை என்னிடம் மட்டும் சொல்லி, அப்பாவிடம் சொல்லாதே என்றாய், நானும் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான் சொன்னால் நம்பமாட்டார், என்னை ஒரு வாரம் ஏசிவிட்டு மறுபடி வயலுக்குப் போவார். நீ சொன்னால் நம்புவார். நம்பினால் மேலே ஏறிவிடுவார். ஏறின பிறகு என்ன ஆவார் என்று யோசிக்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அந்த வயலும் நீ வருவாய் என்கிற நினைப்பும்தான் அவரைக் காலையில் எழுப்புகிறது. அதற்கென்ன செய்ய, எழுப்ப நான் இருக்கிறேன், கத்தி எழுப்பிக்கொள்கிறேன். நீ உன் அப்பா மனதை உடைக்கப் பிறந்தவள் இல்லை, அதை உன்னிடம் கேட்கிற அம்மாவாக ஆனேனே என்று எனக்கு என்மேலேயே வெறுப்பு. ஆனால் அவரை இழுத்து மேலே ஏற்ற உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

குட்டிக்குச் சளி விட்டதா என்று பார், குளிரில் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே. வண்டியில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு போகாதே, அத்தனை பேர் உன்னை நம்பி ஏறுகிறார்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வாங்கின வீட்டில் நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நனையாமல், நிறைவாக நெடுங்காலம் வாழ வேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அப்பாவிடம் பேசி முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று கேட்காதே. வீடு வாங்கினேன் என்றுதான் நீ என்னிடம் சொன்னாய், வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வாங்கின வீட்டை விற்கவும் செய்யலாம்தானே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் சொல்வதை என்னிடம் சொல்லாதே.

உன் அம்மா